திருகாணி

இலை நேற்றே நனைத்துச் சாக்கில் சுருட்டியது.
இன்றைக்கு வெட்டி, தூள் வைத்து, உருட்டி,
சிவப்பு நூலில் இரண்டு சுற்று.
இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு.
கட்டுக்குக் கட்டு கதை நகரும் எங்கள் வீட்டில்.

முக்கூடலில் எனக்கு வேறு நேரம் ஏது?
ஓய்வுநாள் பள்ளிக்குப் பிள்ளைகள் போகிறார்கள்தான்,
வசனம் ஒப்பித்துப் பென்சில் வாங்குகிறார்கள்தான்.
ஆனாலும் கரண்ட் போனதும்
முறத்தின் இரு பக்கமும் வந்து ஒட்டிக்கொள்ளும்
எப்சிபாவுக்கும் ஜெனிஷுக்கும்
புகையிலைத் தும்மலுக்கு நடுவேதான்
இயேசு சொன்ன கதைகளை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒருநாள் ஜெனிஷ் கேட்டான்:
"இயேசப்பா பீடி குடிப்பாராம்மா?"
"சே, குடிக்க மாட்டாரு."
"நீ சுத்துதது அவருக்குத் தெரியுமா?"
"தெரியும்" என்றேன்.
அந்தக் கட்டில் இரண்டு பீடி கோணிப்போயின.

அன்றைக்குப் பத்து வெள்ளிக்காசுக்காரி கதை.
ஒன்று தொலைந்துவிட்டது அவளுக்கு.
விளக்கைக் கொளுத்தினாள். வீட்டைப் பெருக்கினாள்.
நான் சொல்கையில் அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுத் தரைதான்,
சிமெண்ட் பெயர்ந்த குழியில் காசு உருண்டு போய்விடும்.
கிடைத்ததும் அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டு
"என்னோட சேந்து சந்தோஷப்படுங்க" என்றாள்.

எப்சிபா ஆறாம் வகுப்பு.
சனிக்கிழமை கம்பெனிக் கடையில்
கழித்துப் போட்ட பீடிக்கும் கணக்குக் கேட்கிறவள்.
"வந்தவங்களுக்குக் காப்பி குடுத்திருப்பால்லா?"
"குடுத்திருப்பா."
"சேவு?"
"அதும்தான்."
"ஒரு காசைத் தேடி எடுத்து
ரெண்டு காசு செலவழிச்சாளாக்கும்.
இது என்ன கணக்கும்மா?"

பரலோகம், தூதர்கள், மனந்திரும்புதல் என்று
உபதேசியார் சொன்னதெல்லாம் வாய்வரை வந்தது.
நூலைப் பல்லால் கடித்தேன், அதுவும் அறுந்தது.
"தூங்குட்டி" என்றேன்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம்,
செவ்வாயோ புதனோ,
எதிர்வீட்டு மைமூனின் கம்மல் காதில் இருக்கிறது,
திருகாணியைக் காணோம்.
அவள் உம்மா போட்டிருந்த கம்மல்.
அரிசிக் குருணை அளவு பொன்னுக்குத் தெருவே குனிந்தது.
வாறுகால் ஓரம் செல்போன் வெளிச்சம்.
பால்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தார்.
பெருக்கிய குப்பையை மறுபடி பெருக்கினோம்.
கடைசியில் தூள் சலித்த சல்லடையில் கிடந்தது.
மைமூன் போட்ட சத்தத்தில்
கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டது.

இசக்கி கடையிலிருந்து பதினோரு டீ. முறுக்கு வேறு.
"யாரும் குடிக்காமப் போவப்பிடாது" என்று
மைமூன் வழியை மறித்து நின்றாள்.
எப்சிபா விரல் மடக்கிக் கூட்டிக்கொண்டே வந்தாள்,
டம்ளருக்கு இவ்வளவு, முறுக்குக்கு இவ்வளவு.
ஏழாவது விரல் மடங்கும்போது
யாரோ அவளிடம் ஒரு முறுக்கை நீட்டினார்கள்.
வாங்க, கையை விரிக்க வேண்டியிருந்தது.

ராத்திரி முறத்தை மடியில் வைத்தேன்.
"இன்னைக்கி நான் சொல்லுதேன்" என்றாள் தம்பியிடம்.
"மைமூன் மாமிட்ட பத்துத் திருகாணி இருந்துச்சாம்..."

நான் திருத்தவில்லை.
கேட்டபடி சுற்றியதில் எண்ணிக்கை தவறிவிட்டது.
அந்தக் கட்டில் இருபத்தாறோ, இருபத்தேழோ.