ஆறு மாதம் பழையது

"ஆறு மாசமாவது புழங்கியிருக்கணும்மா,
புதுசுன்னா மார்சேய்ல வரி போட்ருவான்"
என்றபடி
பல்லால் டேப்பைக் கிழித்தார் கலிவரதன்.

அறுபத்து மூன்று உருப்படி.
அத்தனையும் கல்யாணச் சீர்.
மிக்சி ஜாரில் ஸ்டிக்கர் அப்படியே,
குக்கருக்குள் தெர்மாகோல்.

அன்றைக்கே ஆரம்பித்தோம்
நானும் பிலோமினாவும்.
இட்லிக் குண்டானில் புளித்தண்ணீர் கொதித்தது.
தோசைக்கல்லைத் தீய்த்தோம்.
வெள்ளைப் படுக்கை விரிப்பில்
மீன் குழம்பு ஒரு சொட்டு, அவள் யோசனை.
இரண்டாவது சொட்டு கை தவறி.
மிச்சத்தைக் கடலிடம் விட்டுவிட்டோம்:
முத்தியால்பேட்டை மொட்டை மாடியில்
நாலு ராத்திரி கிடந்தால்
எவர்சில்வரே இருமும்.

அம்மா மட்டும்
காபி ஃபில்டரைத் தர மறுத்தாள்.
"பளபளப்புக்குத்தாண்டி காசு கொடுத்தேன்."

சனிக்கிழமை கலிவரதன் வந்தார்.
விரலால் தேய்த்துப் பார்த்தார்.
ஒவ்வொன்றுக்கும் எதிரே
'பழையது, விற்பனைக்கு அல்ல',
யூரோவில் ஒரு சின்ன எண்.
ஃபில்டருக்கும் அதையே எழுதினார்,
அம்மா பார்க்காத நேரத்தில்.

பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்:
"மாப்ள அங்கதானே? கல்யாணமாகி
ரொம்ப நாளாச்சா?"

எதுவார் இங்கே இருந்தது
பத்தொன்பது நாள்.
அதில் நான்கு நாள் நோட்டரி ஆபீசில்.
காபிக்கு எத்தனை சர்க்கரை என்பது
இன்னும் குத்துமதிப்புதான்.
தூக்கத்தில் எந்தப் பக்கம் திரும்புவார்,
கோபம் வந்தால் பேசுவாரா மாட்டாரா,
ஒன்றும் தெரியாது.

"பழசுதாண்ணே" என்றேன்.

பிலோமினா சட்டென்று குனிந்து
ஏற்கெனவே ஒட்டிய பெட்டிக்கு
இன்னொரு சுற்று டேப் ஒட்டினாள்.