பொய் இரவு

பிற்பகல் மூன்றரை.
இன்வர்னெஸ் டிசம்பர் அதற்குள் விளக்குப் போடச் சொல்கிறது.
இருட்டுக்காக நாங்கள் திரை எதையும் இழுக்கவேண்டியிருக்கவில்லை.
நான்காம் மாடியில், மூடிப்போட்ட பழைய வார்டில்
ஆறு மாணவர்களுக்கு இன்று ஒத்திகை.

நிஜ இரவுகளில் நான் கீழே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருப்பவள்.
செங்கா மக்ரே. இருபத்தோரு வருஷம்.
இந்த ஆஸ்பத்திரியில் என் குரலை அறியாதவர் இல்லை,
என் முகத்தை அறிந்தவர் கேன்டீனில் இரண்டு பேர்.
இன்று இரண்டு மணி நேரத்துக்கு
என்னை ஐந்து நர்சுகளாக அமர்த்தியிருக்கிறார்கள்.
கையில் ஒரு தாள்.
"பதினாலாம் படுக்கை. ஆண். எழுபத்தெட்டு.
பொட்டாசியம் ஆறு புள்ளி நாலு."
அவ்வளவுதான்.
பொய்க்கு எதற்குப் பெயர்?

ஆளுக்கொரு பேஜர். கோழிமுட்டை கனம்கூட இருக்காது,
ஆனாலும் நடையே அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.
சோர்லி இரண்டு தடவை கழற்றி பேட்டரி பார்த்தான்.
எபிடென் புறங்கையில் நான்கு இரண்டுகள் எழுதியிருந்தாள்,
இதயம் நின்றால் அழைக்கவேண்டிய எண்.
வியர்வையில் ஒரு இரண்டு அழிந்து
மூன்றுதான் மிஞ்சியது.

முதல் அழைப்பு, காய்ச்சல் மாத்திரைக்கு ஒரு கையெழுத்து.
இரண்டாவது, முதலாவது முடிவதற்கு முன்.
மூன்றாவது, படிக்கட்டில் பாதி ஏறியிருக்கையில்.
டாக்டர் கில்மோர் கடிகாரத்தைப் பார்த்து உதட்டை அசைப்பார்,
நான் எண்ணை அழுத்துவேன்.
ஈரமில்லாத வேலை.
கொஞ்சம் பிடித்தும் இருந்தது, மறைப்பானேன்.

ஃபெரகர் ஓடினான்.
எல்லாவற்றுக்கும் ஓடினான். தூக்க மாத்திரைக்கும் ஓடினான்.
மூச்சுத் திணறுகிறவரின் படுக்கைக்கு வந்து சேர்ந்தபோது
திணறியது அவன்தான்.
படுத்திருந்த ரப்பர் பொம்மை
வாயைத் திறந்தபடி பொறுமையாக இருந்தது.

மார்வென் ஓடவில்லை.
போனில் கேட்டாள்: "அவர் பெயர் என்ன?"

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளை.
டாக்டர் தோளைக் குலுக்கினார்.
"லாக்லன்" என்றேன்.
காலையில் எனக்கு மீதிச் சில்லறை தராத பஸ் டிரைவர்.
"விழித்திருக்கிறாரா?"
"ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்."
எங்கிருந்து வந்ததோ.
"ஈசிஜி எடுத்துவிடுங்கள். நான் கிளம்பிவிட்டேன்.
லாக்லனிடம் சொல்லுங்கள்."

அவள் பாதி வழியில் இருக்கும்போது உதடு மறுபடி அசைந்தது.
"ஒன்பதாம் படுக்கை. இறந்துவிட்டார்.
எதிர்பார்த்ததுதான். வந்து உறுதிசெய்ய வேண்டும்."
இது ஒரு பொறி.
இறந்தவர் காத்திருப்பார், பதினாலாம் படுக்கையின் இதயம் காத்திருக்காது.
"பதினாலுக்கு அப்புறம் வருகிறேன்" என்றாள்.
டாக்டர் ஒரு டிக் போட்டார்.
ஆனால் அவள் போனை வைக்கவில்லை.
"அவரோடு யாராவது இருக்கிறார்களா?"

பேப்பரில் இல்லாததைச் சொல்லக்கூடாது என்பது விதி.
"நான் இருக்கிறேன்" என்றேன்.

ஐந்தரைக்கு விளக்குகளைப் போட்டார்கள்.
மார்வெனுக்கு நான்கு அழைப்புகள் பாக்கி.
தாமதம், என்று சிவப்பு மசியில் எழுதினார் டாக்டர்.
பிறகு எல்லோரிடமும் கேட்டார்:
"யாராவது சாப்பிட்டீர்களா? தண்ணீர்? கழிவறை?"
ஒருவரும் இல்லை.
"அதற்கும் மதிப்பெண் உண்டு" என்று
பிஸ்கட் டின்னைத் தள்ளிவிட்டார்.
ஃபெரகர் நின்றபடியே ஆறு தின்றான்.

எட்டு மணிக்கு நான் கீழே இறங்கினேன், என் நாற்காலிக்கு.
வெளியே பனி, கார் நிறுத்தத்தின் கோடுகளை
ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது.

இரண்டு நாற்பது.
ஆறாம் வார்டிலிருந்து அழைப்பு.
"டியூட்டி டாக்டர் வேண்டும். இருபதாம் படுக்கை. சீக்கிரம்."
இணைப்பது மட்டும்தான் என் வேலை.
விரல் பாட்டுக்கு எண்ணை அழுத்தியது.
பேஜர் எங்கோ கத்தியிருக்கும்.
பதில் வருவதற்குள் வாய் கேட்டுவிட்டது:
"அவர் பெயர் என்ன?"

"உனக்கு எதற்கு, செங்கா?" என்றாள் நர்ஸ்.

ஆனால்
அந்தப் பக்கம்
தாள் புரளும் சத்தம் கேட்டது.