இருபது நிமிடம்

ஹைஃபோங்கில் எட்டு மணி என்றால்
தண்டையார்பேட்டையில் ஆறரை.
எங்கள் தெருவில் தண்ணி வருகிற நேரம்.

மேலே சந்தனா அக்கா கொடுத்த வெள்ளைச் சட்டை,
கீழே நைட்டி.
செல்போனை அரிசி டப்பாமேல் சாய்த்துவைத்து
குட் மார்னிங் என்றேன்.

அந்தம்மா முதலில் கேட்டது:
ஆங்கிலம் உங்கள் தாய்மொழியா?

ஜன்னலுக்கு வெளியே
அடிபம்பின் கைப்பிடியை மேலேயே பிடித்துக்கொண்டு
நின்றிருந்தாள் அம்மா.
பாதி நிறைந்த குடம்.
பின்னால் பதினோரு குடங்கள்.
யாரும் வாய் திறக்கவில்லை,
வரிசைக்காக நேற்று முடியைப் பிடித்துக்கொண்ட
மும்தாஜும் ஃபிலோவும்கூட.

இல்லை என்றேன்.
கார்ப்பரேஷன் ஸ்கூலில் படித்துக் கற்றது, அதனால்
நாக்கு எங்கே தடுக்கும் என்று தெரியும்,
அங்கிருந்து சொல்லித்தருவேன்.

அப்போது பார்த்து ஒரு கண்டெய்னர் லாரி
ஹாரனை அழுத்திக்கொண்டே போனது.
அது என்ன சத்தம் என்றார்.
ஹார்பர் பக்கத்தில்தான், என்றேன்.
இங்கேயும், என்று சிரித்தார்.

வேலை உண்டாம். மெயில் வருமாம். சம்பளம் டாலரில்.
சிவப்புப் பொத்தானைத் தொட்டுவிட்டுத்
தலையை மட்டும் வெளியே நீட்டினேன்.

"முடிஞ்சுதா?"
அம்மா கைப்பிடியை இறக்கினாள்.
ஒரே நேரத்தில் எல்லாரும் தொடங்கினார்கள்,
நேற்று விட்ட இடத்திலிருந்து.