பக்கம் அறுபத்து மூன்று

நிமிடத்துக்கு இருநூற்று இருபத்தைந்து சொல்,
அதுதான் என் விரல்களின் வேகம்.
டெ மொயின் நகரத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில்
யார் என்ன பேசினாலும்
எனக்குக் கூலி பக்கக் கணக்கில்.
இருமலை எழுதமாட்டேன். அழுகையை எழுதமாட்டேன்.
சாட்சி தலையாட்டினால் நீதிபதி சொல்வார்:
வாய்திறந்து சொல்லுங்கள், பதிவாக வேண்டும்.

அன்றைக்கு எலூதேரியோ மொன்சோன் வழக்கு.
குவாத்தமாலாக்காரர், கூரை வேய்பவர்.
வெளியேற்ற உத்தரவுக்குப் பதினோரு வயது.
சோள வயல்களுக்கு நடுவேயிருந்து
ஒரு சிறிய குவேக்கர் சபை வந்து வாதாடியது:
இவரை அனுப்பினால்
எங்கள் வழிபாட்டின்மேல் கணிசமான சுமை.

கணிசமான சுமை. சட்டத்தின் சொல்.
பத்தரை மணிக்குள் பதினேழு முறை அடித்தேன்.
மொழிபெயர்ப்பாளர் காதில் அதைச் சொன்னபோது
தோளில் முப்பது கிலோ ஓட்டுக்கட்டோடு
ஏணி ஏறுகிற அந்த ஆள்
நிமிர்ந்து பார்த்தார்.

சாட்சி ஓர்ஃபா ஹாக்கெட், மாட்டு வைத்தியர்.
நகத்தோரம் அயோடின் கறை.
சத்தியம் செய்யமாட்டேன் என்றார்,
இங்கே ஓர் உண்மை வெளியே ஓர் உண்மை
என்னிடம் கிடையாது.
குமாஸ்தா வேறு அட்டையைத் தேடினார்.

கே: அவர் உங்கள் போதகரா?
ப: எங்களுக்குப் போதகர் இல்லை.
கே: பாடுவாரா?
ப: நாங்கள் பாடுவதில்லை.
கே: பிறகு என்னதான் செய்வார்?
ப: உட்கார்ந்திருப்பார்.
கே: பேசாமலா?
ப: ஏழு வருடத்தில் இரண்டு தடவை எழுந்து பேசினார்.
அதில் ஒன்று, மழை வருகிறது என்று.

யாரோ சிரித்தார்கள். சிரிப்பையும் எழுதமாட்டேன்.

ஆலங்கட்டி ஓடுகளைப் பிய்த்த வருடமாம்.
மேலே சுத்தியல், கீழே இருபத்திரண்டு பேர்.
நிறுத்து என்று ஒருவரும் போய்ச் சொல்லவில்லை.
ஆளில்லாத வீடென்று நினைத்துத்
தண்ணீர் குடிக்க இறங்கியவர்
கதவைத் திறந்தார், நின்றார்,
ஆணிப்பையைக் கழற்றிக் கடைசி பெஞ்சில் வைத்தார்.
கொஞ்ச நேரம் கழித்து
அதன் பக்கத்தில் தானும்.

கே: டாக்டர் ஹாக்கெட்,
மௌனத்தில் ஒருவர் குறைந்தால் என்ன குறையும்?
மௌனம் மௌனம்தானே?

விரல்களைத் தூக்கி வைத்துக் காத்திருந்தேன்.
ஓர்ஃபா வக்கீலைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை.
நீதிபதி பேனாவை மூடினார்.
குழல்விளக்கு இரைவது
பன்னிரண்டு வருடத்தில் முதல்முறை கேட்டது.
ஆரஞ்சு உடுப்பில் எலூதேரியோ
உள்ளங்கைகளை முழங்கால்மேல் மலர்த்தினார்.
இடுப்புச் சங்கிலி ஒருதரம் சரிந்து அடங்கியது.
காலையிலிருந்து இரண்டு சொல் பின்தங்கியே
ஓடிவந்த மொழிபெயர்ப்பாளர்
இப்போது அவரோடு சரியாக இருந்தார்.
பின்வரிசைகளில் பண்ணைக் காலணிகள் அசையவில்லை.
எனக்கு மதம் கிடையாது, கழுத்துவலி உண்டு.
அதுகூடக் கொஞ்ச நேரம் என்னைக் கூப்பிடவில்லை.

நான்கு நிமிடம்.

ப: இப்போது அவரை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள்.
போனபிறகு மறுபடி கேளுங்கள்.

ஆட்சேபம், என்றார் அரசு வக்கீல்.
எதற்கென்று நீதிபதி கேட்டார்.
நல்ல பிள்ளை. பாவம், காகிதங்களைப் புரட்டினார்.

இந்த மாதிரி இடத்தில் ‘பதில் இல்லை’ என்று
அடைப்புக்குறிக்குள் போடுவது வழக்கம்.
போட்டேன். அன்றிரவு வீட்டில் திருத்தும்போது
அழித்தேன். அது உண்மையில்லை.

அக்டோபரில் அரசுத் தரப்பிலிருந்து ஒரு மின்னஞ்சல்:
பக்கம் அறுபத்து மூன்று,
பத்து நாற்பத்திரண்டுக்கும் நாற்பத்தாறுக்கும் நடுவே
நேரம் மட்டும் ஓடுகிறது, சொல் இல்லை.
எதுவும் விடுபட்டதா?

மனு தள்ளுபடியானது எனக்கு அதற்குள் தெரியும்.
தீர்ப்பு நாற்பத்தொரு பக்கம்,
நல்ல நடை, என் பிரதியிலிருந்து ஒன்பது மேற்கோள்.
அறுபத்து மூன்றிலிருந்து ஒன்றுமில்லை.

பதில் அடித்தேன்:
எதுவும் விடுபடவில்லை.

அனுப்பிய பிறகும் விரல்கள் இயந்திரத்தின் மேலேயே.
யாரும்.