எதிர்க்களத்துக்காரிக்கு

ஜுனைதா,
உன் களத்துக்கும் என் களத்துக்கும் நடுவே
ஒரு தார்ச்சாலை, ஒரு சோதனைச்சாவடி.
அதற்கே இரண்டு மாநிலம் என்று பெயர்.

போன வாரம் என் டிரைவரைக் கூட்டிக்கொண்டு போனாய்.
மாதம் ஆயிரத்து ஐந்நூறு கூடுதல்.
கோபம்தான்.
நீ அவனுக்கு முன்பணமும் கொடுத்தாய் என்று கேட்டதும்
சிரித்துவிட்டேன்.
குப்புராசு முன்பணத்துக்கு வண்டி ஓட்டுகிறவன்,
சம்பளத்துக்கு அல்ல.

இதை அன்பென்று எடுத்துக்கொள்ளாதே.
நீ விலையைக் குறைத்துக் குறைத்து ஒருநாள் விழுந்துபோவாய்.
விலை மட்டும் விழாமல்
சாலையைக் கடந்து என் வாசலில் வந்து உட்காரும்.

தேங்காய் நார்த்தூளை நாலு தண்ணியில் அலசு.
மூன்றோடு நிறுத்துகிறாய்,
வாய்க்காலின் நிறத்தைப் பார்த்தாலே தெரிகிறது.
திருச்சூர் நர்சரிக்காரர்
தூள் கரைத்த தண்ணீரில் பேனா அளவு கருவியை முக்குவார்.
உப்பு எண்ணாக வந்து நிற்கும்.
உன் பேச்சு எவ்வளவு இனிப்பானாலும்
அந்த எண்ணிடம் எடுபடாது.

ஆடிக் காற்று கணவாய் வழியே வருகிறது.
உன் களத்தில் காய்கிற தூள்
பத்து நாளாய் என் களத்தில் விழுகிறது.
கூட்டி என் மூட்டையில்தான் கட்டினேன்.
வலை போடு.

வங்கியில், "வீட்டுக்காரர் வரலீங்களா?" என்பார்கள்.
நான் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன்.
அவர் போட்ட ஒரு கையெழுத்தை
எடுக்க எனக்கு ஆறு வருடம்.
நீ அந்தக் கேள்வி காதில் விழாதவள்போல
அடுத்த தாளை நீட்டு.

ஐந்தாம் தேதி உனக்கு நீயே சம்பளம் போடு.
மூன்று வருடம் நான் லாபம் என்று நினைத்தது
என் கூலி.

முதல் மெஷின் இறங்குமுன் பெண்களுக்குக் கக்கூஸ் கட்டு.
நான் மெஷினை முதலில் இறக்கினேன்.
கட்டி முடிப்பதற்குள் செல்லக்கிளி நின்றுவிட்டாள்.
ஒரு பிடி அள்ளி, மூடி, திறந்து,
"இன்னும் அரை வெயில் வேணும்" என்பாள்.
அந்தக் கை
இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

ஓணத்துக்கு முன் கடன் கேட்பவர்களுக்கு
ஓணம் முடிந்ததும் ஹர்த்தால் வரும்,
அப்புறம் மழை, அப்புறம் மச்சினனுக்குக் கல்யாணம்.
நாளைக்கு என்றாலும் நாளெ என்றாலும்
தேதி கேள்.
கேட்ட தேதியை அவர் எதிரிலேயே எழுது.

கொச்சியில் என் சரக்கை எடுப்பது யார்
என்று சொல்லமாட்டேன்.
கட்டி ஒன்று என்ன விலைக்குப் போகிறது என்றும்.

இவ்வளவும் எழுதிவிட்டுக்
கடைசியில் எழுத வைத்திருந்த சேதி இது:
இரண்டு கன்டெய்னர் கேட்டிருக்கிறார்கள்.
என்னால் ஒன்றுதான் நிரப்ப முடியும்.
முடியாது என்று சொல்லிவிடலாமென்று
மூன்று ராத்திரி நினைத்தேன்.
ஒவ்வொரு ராத்திரியும்
உன் களத்து லைட் எரிந்துகொண்டிருந்தது,
நீ குனிந்து தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தாய்,
தனியாக.

உன் பெயர் உன் மூட்டையில், என் பெயர் என் மூட்டையில்.
ரசீது இரண்டு. விலை ஒன்று.
உப்பு என் கருவியில் பார்ப்போம்.
நம்பிக்கையில்லை என்றால் உன்னுடையதையும் கொண்டு வா,
நான் அப்படித்தான் செய்வேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி,
சாவடிப் பக்கத்து டீக்கடை.
டீக்காசு அவரவர்.

இதைக் குப்புராசுவிடமே கொடுத்தனுப்புகிறேன்.
வழியில் பிரித்துப் படித்திருப்பான்.
முகம் தொங்கியிருந்தால்
முன்பணத்து வரிவரை வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

நாகமணி,
கோபாலபுரம், கிழக்குப் பக்கம்.