ஒரு டம்ளர் பல்

பிராகாவில் மழை பெய்வதில்லை,
குடியிருக்கிறது.
ரயிலடியிலிருந்து ஐந்து பேர், மூன்று பெட்டி, ஒரே குடை.
குடை என் நாத்தனாருக்கு. அவளுக்குத்தான் சைனஸ்.

வீட்டுக்காரி அனுப்பிய செய்தியை
வழியெல்லாம் ஒப்பித்தபடி வந்தார் இளம்பரிதி:
பச்சைக் கதவு, பூந்தொட்டி, தொட்டிக்கடியில் சாவி.
அந்தத் தெருவில் எல்லாக் கதவும் பச்சை.
அதை யாரும் செய்தியில் எழுதவில்லை.

சாவி இருந்தது. கதவு திறந்தது.
அடுப்பில் சூப்பும் இருந்தது,
கீரையும் உருளையுமாய், தொட்டால் சுடும் பதத்தில்.
"பார்த்தியா! சும்மாவா அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கான்!"
என்றார் என் கணவர், சட்டியைக் கவிழ்த்து வழித்தபடி.
வாசலில் கிடந்த கம்பளிச் செருப்புகளில்
ஆதன் தரையெல்லாம் படகு விட்டான்.
கதவுக்குப் பின் தொங்கிய கட்டம்போட்ட மேலங்கிக்குள்
பூங்கோதை நுழைந்து
தும்மலை நிறுத்தினாள்.
ஒவ்வொரு நாற்காலி முதுகிலும் எங்கள் காலுறை காய்ந்தது.

குளியலறையில் ஒரு டம்ளர்.
டம்ளரில் தண்ணீர்.
தண்ணீரில் ஒரு பல்செட், முழு வரிசை,
யாரையோ நலம் விசாரிப்பதுபோல.
"முன்னாடி தங்கினவங்க மறந்திருப்பாங்க."
"குடையை மறக்கலாம். பல்லையுமா?"
"உன் மகன் ஸ்கூலுக்குப் பையையே மறந்துட்டுப் போகலையா?"
இதற்கு என்னிடம் பதிலில்லை.
மனதுக்குள் ஒரு நட்சத்திரத்தை மட்டும் கழித்துக்கொண்டேன்.

ஆறு மணிக்குக் கதவு தானாகத் திறந்தது.
நனைந்த தொப்பியோடு ஒரு கிழவர்.
எங்களைப் பார்த்தார். காலிச் சட்டியைப் பார்த்தார்.
மேலங்கிக்குள் இருந்த என் நாத்தனாரை
கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார்.
பிறகு தொப்பியைக் கழற்றி
மன்னிப்பு மாதிரி எதையோ முனகிவிட்டு
வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.
மழையில் நின்று கதவு எண்ணைப் படித்தார்.
பக்கத்துக் கதவைப் படித்தார்.
தெருமுனைவரை போய்த் தெருப்பெயரைப் படித்தார்.
திரும்பி வந்து
தன் வீட்டு மணியைத்
தானே அடித்தார்.

"ஓனர் வந்துட்டார்! வாங்க, வாங்க!"
கையைப் பிடித்து இழுத்துப் போய்
வெந்நீர் வராத குழாயைக் காட்டினார் இளம்பரிதி.
பாவம், மனிதர் மண்டியிட்டார்.
தொட்டிக்குப் பின்னால் எதையோ திருகி
வெந்நீர் வரவழைத்துக் கொடுத்தார்.
எழுந்து, டம்ளர் பக்கம் விரல் நீட்டி,
பொக்கை வாயால் நீளமாய் ஏதோ சொன்னார்.
என் போன் வெகுநேரம் யோசித்து மொழிபெயர்த்தது:
"என் உறவினர்கள் தண்ணீருக்குள் இருக்கிறார்கள்."
"அடடா," என்றார் இளம்பரிதி,
அவர் தோளை மெதுவாகத் தட்டி. "எப்போ?"

நறுமுகை, லிஸ்பனிலிருந்து வாயே திறக்காதவள்,
சுவரிலிருந்த கல்யாணப் போட்டோவைக் காட்டினாள்.
"அப்பா. இது அவர்தான்.
பல்லோட."

அப்புறம் நடந்ததைக் கோர்வையாகச் சொல்ல வராது.
நான் மேலங்கியை உருவ, பூங்கோதை விடமாட்டேன் என,
இளம்பரிதி சூப்புச் சட்டிக்குள் யூரோ நோட்டைப் போட,
கிழவர் அதை எடுத்து அவர் பையிலேயே செருக,
ஆதன் இரண்டு செருப்போடும் எதிர்ச்சாரிக்கு ஓட,
அங்கே இருந்தது எங்கள் வீடு.
பச்சைக் கதவு, பூந்தொட்டி, சாவி.
அடுப்பு ஐஸ்போலக் கிடந்தது.
வாடகை கொடுத்த வீட்டில்
அன்றிரவு பிஸ்கட் தின்று படுத்தோம்.

காலையில் மணி அடித்தது.
திறந்தேன். யாரோ பெரிய மனிதர்:
கோட்டு, வழித்த கன்னம், பளீரென்று முப்பத்திரண்டு பல்,
கையில் செய்தித்தாள் பொட்டலம்,
அதில் இஸ்திரி போட்ட எங்கள் காலுறைகள்
என்பது பிறகுதான் தெரிந்தது.

"யார் வேணும்?" என்றேன், தமிழிலேயே.

சிரிப்பு மெல்ல அணைந்தது.
ஓரடி பின்னால் வைத்து
அவர் நிமிர்ந்து
கதவு எண்ணைப் படிக்க ஆரம்பித்தார்.