பதினான்காம் பக்கம்

எங்கள் நிறுவனத்துக்கு மூன்று மேசை, ஒரு பிரிண்டர்.
கீழே சீமெந்துக் கடை.
லொறி வந்து மூட்டை இறக்கினால்
மாகாணக் கொள்கை எல்லாம் சாம்பல் நிறம்.

சுவரில் பணிப்பாளர் எழுதி ஒட்டியது:
'கேட்காமல் வரும் அரசு
கேட்டால் வராது.'
அதை நானும் நம்புகிறேன்,
சம்பளத்துக்காக மட்டும் அல்ல.
சிறுபோகத்துக்கு யார் யாருக்கு எத்தனை ஏக்கர் என்று
கமக்காரர் மரத்தடியில் தாங்களே சீட்டெடுத்து
அரை மணித்தியாலத்தில் முடித்ததையும்
அதே முடிவைத் தன் முடிவென்று
திணைக்களம் மூன்று கிழமை பிந்தி அறிவித்ததையும்
கண்ணால் கண்டவன்.

இந்த வருட ஆய்வு:
ஒரு சிறுதொழில் தொடங்க எத்தனை கையெழுத்து?

அக்கராயனில் கேதாரகௌரிக்கு ஒன்பது.
மிளகாய் அரைக்கும் ஆலை.
மோட்டருக்கு இன்னும் பொலித்தீன் கழற்றவில்லை.
பிரதேச சபை அவளுடைய பைலை ஒருமுறை தொலைத்து
அவளிடமே பிரதி கேட்டது.
சத்தம் அளக்க ஒருவர் வந்தார்.
அனுமதி இல்லாமல் மோட்டர் ஓடக்கூடாது,
ஓடாத மோட்டரின் சத்தத்தை அளந்து
எழுதிக்கொண்டு போனார்.
பதினொரு மாதம்.

பணிப்பாளர் மேசையில் தட்டினார்.
'இதுதான் எங்கட பதினான்காம் பக்கம்.
படம் எடும். சிரிக்கச் சொல்லாதையும்.'

வரைவை அவளுக்கு வாசித்துக் காட்டப் போனேன்.
பரிந்துரை ஏழு:
நிலம், தொழில் தொடர்பான அரச சான்றிதழ்கள்
யாவும் நீக்கப்பட்டு
உரிமையாளரின் சுயபிரகடனமே போதுமானதாகக் கொள்ளப்படும்.

'நல்லது,' என்றாள்.
'ஒன்பதையும் வெட்டுங்கோ.
சத்தக்காரரை முதல் வெட்டுங்கோ.'

பிறகு உள்ளே போய்
சூட்கேசைத் திறக்கும் சத்தம்.
லேமினேற் செய்த ஒரு கடதாசி.
ஓர் இலக்கம், சதுர மீற்றர், திகதி,
மங்கிப்போன ஒரு கையெழுத்து.

'இந்த வளவுக்குள்ள ஏழு எடுத்தவை.
மோட்டர் நிக்கிற இடத்தில ஒண்டு.
தம்பி, வெடி இல்லையெண்டு
நானே பிரகடனம் செய்யலாமோ?
நான் சொன்னா
என்ர பிள்ளையின்ர கால் நம்புமோ?'

அவள் பிள்ளை அப்போது
முற்றத்தில் சைக்கிள் ரயர் ஒன்றை உருட்டிக்கொண்டு
நேராக ஓடினான்,
வளைந்து ஓடினான்,
எங்கும் ஓடினான்.

பஸ்ஸில் வரும்போதே
'யாவும்' என்ற சொல்லுக்குப் பின்னால்
ஒரு 'தவிர' எழுதினேன்.

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
'ஒரு விதிவிலக்கு வைச்சால்
ஒன்பதும் அதுக்குள்ளால திரும்பி வரும்.'
அவர் சொன்னது சரி.
பத்து வருடமாக அதைத்தான் எழுதி வருகிறோம்.
சுகாதாரமும் உயிர்தான் என்று ஒருவர் வருவார்,
சத்தமும் உயிர்தான் என்று இன்னொருவர்.
'அதுகள் வரட்டும், இது வேற,' என்றேன்.
எப்படி வேறு என்று கேட்டார்.
'இந்தக் கையெழுத்து வைச்சவர்
முதல் அந்த மண்ணில தான் முழங்கால் குத்தினவர்.'
கரண்ட் போனது. இருட்டிலும் கொஞ்ச நேரம் பேசினோம்.

அச்சில் அது அடிக்குறிப்பாக வந்தது,
சீமெந்துத் தூசைத் துடைத்தால் தெரியும் அளவில்.

ஐந்து பிரதிகளோடு கைதடிக்குப் போனேன்.
உறுப்பினர் இல்லாத சபை,
கதிரைகளுக்குத் துணி போர்த்திருந்தது.
காவலாளி ஒரு பதிவேட்டை நீட்டினார்.
பெயர். முகவரி. வந்த நோக்கம்.

'கையெழுத்துகளைக் குறைப்பதற்கு'
என்று எழுதி
கையெழுத்து வைத்தேன்.

அவர் முத்திரையைத் தேடிக்கொண்டிருந்தார்.